ரத்தம் எப்போது அழுக்கானது?

எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே ஒரு புதுக் கடை. நீல பிளாஸ்டிக் தொட்டியில் முக்கால்வாசி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, நடுவில் வயர் கோத்த ஓர் உலோகச் சுருள். என் மைத்துனர் இரண்டு கால்களையும் உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடத்தில் தண்ணீர் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. மேலே பச்சையும் மஞ்சளுமாக நுரை. "பாத்தீங்களா சார், இத்தனை வருஷமா உடம்புல தங்கின நச்சு. இந்த மஞ்சள் கல்லீரல்ல இருந்து வருது, கறுப்பு கிட்னியில இருந்து" என்று கடைக்காரத் தம்பி தட்டியில் ஒட்டியிருந்த நிற அட்டையைக் காட்டினார். மைத்துனர் முகத்தில் பயமும் நிம்மதியும் ஒன்றாகத் தெரிந்தன. இவ்வளவு அழுக்கா என்ற பயம். போய்விட்டதே என்ற நிம்மதி.

"தம்பி, அவர் காலை எடுத்துட்டு, வேற தண்ணி ஊத்தி, மெஷினை இருபது நிமிஷம் சும்மா ஓட்டுங்களேன், பாப்போம்" என்றேன். கால் இல்லாமல் ஓட்டினால் மெஷின் கெட்டுவிடும் என்றார்.

மறுநாள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் எடுத்து, இரண்டு இரும்பு ஆணிகளை இறக்கி, ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். மைத்துனரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் அதே நிறம், அதே நுரை. டம்ளருக்குக் கல்லீரலும் இல்லை, கிட்னியும் இல்லை. பள்ளியில் சொல்லித்தரும் மின்னாற்பகுப்புதான். ஆணியிலிருந்து கரைந்த இரும்பு துருவாகி மிதக்கிறது. "முந்நூறு ரூபாய்க்குத் துரு வாங்கிட்டு வந்திருக்கீங்க மாப்ள" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கேட்டார்: "சரி அத்தான், அது ஏமாத்து வேலை. ஆனா உடம்புல அழுக்கு சேருதுங்கிறது உண்மைதானே? அப்பப்ப சுத்தம் பண்ணித்தானே ஆகணும்?"

துருவை மறுக்க ஒரு பேட்டரி போதும். இந்தக் கேள்வியை மறுக்கத்தான் ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. பரு வந்தால் 'ரத்தம் கெட்டுப்போச்சு', சொறி வந்தால் 'ரத்தத்துல அழுக்கு', தீபாவளிக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் தின்றால் 'வயித்தைக் கழுவணும்' என்று சொல்லாத வீடு நம்மில் குறைவு. நகரத்தில் இதற்கே 'டீடாக்ஸ்' என்று பெயர்: வெறும் வயிற்றில் பச்சைச் சாறு, ஏழு நாள் கல்லீரல் சுத்தி, பாதத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் பட்டை. பெயர் மாறினாலும் நம்பிக்கை ஒன்றுதான். உடம்பு ஒரு பாத்திரம். புழங்கப் புழங்க உள்ளே கரி பிடிக்கும். அவ்வப்போது நாம் உள்ளே கையை விட்டுத் தேய்க்க வேண்டும்.

இந்த நம்பிக்கை அளவில் மிகைப்பட்டது, கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லமாட்டேன். வேரிலேயே தவறு. அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முப்பது வருடம் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் இதயம் வரைவேன். வலப் பக்கத்துக்கு நீலச் சாக்பீஸ், இடப் பக்கத்துக்குச் சிவப்பு. நீலத்துக்குப் பக்கத்தில் 'அசுத்த ரத்தம்', சிவப்புக்குப் பக்கத்தில் 'சுத்த ரத்தம்'. நான் படித்த காலத்துப் புத்தகம் அப்படித்தான் சொன்னது. நான் அதையே சொன்னேன். புத்தகங்கள் பிறகு 'ஆக்சிஜன் குறைந்த ரத்தம்' என்று திருத்திக்கொண்டன. என் வாய் திருந்த இன்னும் பல வருடம் ஆயிற்று.

அந்த 'அசுத்த' ரத்தத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அது நீலம் அல்ல, கருஞ்சிவப்பு. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குழாயில் ஏறுவது அதுதான். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் அந்த ரத்தத்தில், ஹீமோகுளோபின் சுமந்து சென்ற ஆக்சிஜனில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அப்படியே மிச்சம் இருக்கும். சாப்பிட்ட சோற்றின் சத்தையெல்லாம் குடலிலிருந்து கல்லீரலுக்குக் கொண்டுபோவதும் ஒரு சிரைதான். தாயின் கருப்பையில் இருக்கும் சிசுவுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் வருவது தொப்புள்கொடியின் சிரை வழியாகத்தான். நீலச் சாக்பீஸால் நான் அசுத்தம் என்று எழுதியது இவ்வளவையும்தான்.

அந்த ரத்தத்தில் கரியமில வாயு கூடுதலாக இருக்கிறதே, அது அழுக்கு இல்லையா? அழுக்கென்றால் அது குறையக் குறைய நமக்கு நல்லதாக இருக்க வேண்டும். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறும். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். மூச்சை எப்போது இழுக்க வேண்டும் என்று மூளைக்கு முக்கியமாகச் சொல்வதே அந்த வாயுவின் அளவுதான். ரத்தத்தின் அமில-காரக் குறியீடு (pH) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இந்தக் குறுகிய வரம்பை நுரையீரல் நிமிடக் கணக்கிலும் சிறுநீரகம் நாள் கணக்கிலும் காவல் காக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் காரத்தண்ணீர் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டுவதற்குள் தன் காரத்தை இழந்துவிடுகிறது.

யூரியாவும் இப்படித்தான். புரதம் சிதையும்போது வரும் அம்மோனியா மூளைக்கு ஆகாது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்தச் சுழற்சியை 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸ்லைட்டும் கண்டுபிடித்தார்கள். அந்த யூரியாவைச் சிறுநீரகம் அப்படியே வெளியே கொட்டிவிடுவதில்லை. ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சி, தன் உட்பகுதியில் தேக்கிவைத்து, அதன் துணையோடு தண்ணீரை மிச்சம்பிடிக்கிறது. கோடையில் நாம் காய்ந்துபோகாமல் இருக்க அந்த 'கழிவும்' ஒரு காரணம்.

ஆகவே உடம்புக்கு அழுக்கு என்று ஒன்று தெரியாது. அளவு ஒன்றுதான் தெரியும். உப்பு, சர்க்கரை, நீர், அமிலம், யூரியா எதுவானாலும் கூடினால் குறைக்கும், குறைந்தால் பிடித்துவைக்கும். இந்த வேலைக்கு அமாவாசை, வெள்ளிக்கிழமை கிடையாது. உயிரோடிருப்பது என்பதே இந்த வேலைதான்.

அந்த வேலையின் அளவைக் கேட்டால் சாறு வியாபாரம் கூசிப்போகும். நம் கைப்பிடி அளவுள்ள சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளில் அவை வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர். நம் ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான். அப்படியானால் அத்தனை பிளாஸ்மாவும் தினம் அறுபது தடவை சல்லடையில் ஏறி இறங்குகிறது. 180 லிட்டரில் சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர். மீதி முழுதும் எண்ணி எடுத்துத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. தினம் அறுபது முறை நடப்பதற்கு மேல் மாதம் ஒரு முறை நாம் செய்வது என்ன?

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். ஒவ்வொரு நொடியும் சுமார் இருபது லட்சம் அணுக்கள் மறைகின்றன, அதே எண்ணிக்கையில் பிறக்கின்றன. கிழ அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்து, இரும்பை மட்டும் பத்திரமாக எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிவிடும். மிஞ்சும் நிறமிதான் பிலிருபின். கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து குடலுக்கு விடுகிறது. மலத்தின் பழுப்பும் சிறுநீரின் மஞ்சளும் அங்கிருந்து வருபவை. 'ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்' என்று கவலைப்படுபவர், அந்த வேலை முடிந்ததற்கான ரசீதைத் தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.

'குடல் சுவரில் பல வருஷக் கசடு ஒட்டியிருக்கிறது, ஐந்து கிலோ இறங்கும்' என்று ஒரு விளம்பரம். எதில் ஒட்டும்? குடலின் உட்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக வளர்ந்துவிடுகிறது. சுவரே வாரந்தோறும் புதிதாகும் வீட்டில் இருபது வருட ஒட்டடை எங்கே தங்கும்?

இந்த மயக்கம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலம் தேங்கினால் நஞ்சு ரத்தத்தில் ஏறி, தலைவலி முதல் சோர்வு வரை எல்லா நோயும் வருகிறது என்று நம்பி, நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1922இல் டொனால்ட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய சோதனை ஒன்று செய்தார். ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தார். அதே தலைவலி, அதே சோர்வு, அதே எரிச்சல். பஞ்சை எடுத்ததும் எல்லாம் போயிற்று. பஞ்சில் நஞ்சு ஏது? குடல் விரிந்து அழுத்தியதுதான் காரணம். மலச்சிக்கல் தொல்லைதான், ஆனால் அது விஷம் அல்ல. நூறு வருடத்துக்கு முன் முடிந்த வழக்கை நாம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

'கல்லீரல் சுத்தி'க்காரர்கள் கண்ணால் காணும் சாட்சி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் விழுகின்றன. படமும் எடுத்து அனுப்புகிறார்கள். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அந்தக் கற்களை மருத்துவர்களிடம் கொண்டுபோனார். ஆய்ந்து பார்த்ததில் அவற்றில் பித்தக்கல்லின் அடையாளம் எதுவும் இல்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாகத் திரண்டிருந்தது. 2005இல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. பொருட்காட்சித் தொட்டியின் அதே தந்திரம்தான்: அழுக்கைச் சிகிச்சையே உண்டாக்கிக் காட்டுகிறது.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது, "செஞ்சு பாத்தேன், உடம்பு லேசா இருக்கு." நான் நம்புகிறேன். ஏழு நாள் பரோட்டா இல்லை, பாட்டில் இல்லை, ராத்திரி பதினோரு மணிச் சாப்பாடு இல்லை, லேசாகத்தான் இருக்கும். பட்டினியில் உடம்பு தன் கிளைகோஜன் சேமிப்பைக் கரைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் தண்ணீரும் கூடவே போகும். முதல் நாலு நாளில் குறைந்த ஒன்றரைக் கிலோ பெரும்பாலும் அந்தத் தண்ணீர். பலன் தின்னாமல் விட்டதால் வந்தது. பேர் குடித்த சாற்றுக்குப் போகிறது.

இரண்டாவது, "பாட்டி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் கொடுத்தாளே, அவள் முட்டாளா?" இல்லை. கழிப்பறை இல்லாத, வெறுங்காலோடு திரிந்த காலத்தில் பிள்ளைகளின் குடல் நிறைய புழு. பேதிக்குக் கொடுத்தால் அதில் சில விழும். அவளுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அதே எதிரிக்குப் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று கொடுக்கிறார்கள். புழு போனபிறகும் பேதியை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்குச் 'சுத்தம்' என்று பேர் வைத்தவர்கள் நாம்தான். பாட்டியை இதில் இழுக்க வேண்டாம்.

மூன்றாவது, "மூலிகையை மட்டம் தட்டுகிறீர்கள்." மூலிகையைக் கேள்வி கேட்பது அதை மதிப்பதுதான். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்கோடு சேர்ந்து, அந்த வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் வெளியான முடிவில், மருந்து எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினரிடம் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் 4 விழுக்காடு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. முடிவு ஏமாற்றம்தான், ஆனால் கேள்வி கேட்ட முறை நிமிர்ந்து நின்றது. எந்த எதிரி, எத்தனை பேர், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. 'நச்சு நீக்கி' விற்பவரிடம் இதில் ஒன்றைக் கேளுங்கள்: எந்த நச்சு? பேர் சொல்லுங்கள். 2009இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர்கள் சிலர் பதினைந்து டீடாக்ஸ் பொருள்களை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

மருத்துவத்தில் நஞ்சு நீக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஈயம் ஏறியவருக்கு ஈயத்தைக் கவ்வி இழுக்கும் மருந்து உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் உண்டு. என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் அந்த மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறார். ஒவ்வொரு முறையும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் அவர் ரத்தத்துக்கு அக்கரையில் ஓடுகிறது. அவ்வளவும் செய்து, இரண்டு சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் செய்த வேலையில் சிறு பங்கைத்தான் அதனால் செய்ய முடிகிறது. பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருகிறார்கள்: "கிட்னியைச் சுத்தம் பண்ணும், குடிங்க சார்." இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேற்ற வழியில்லாத உடம்பில் அது இதயத்துடிப்பையே நிறுத்திவிடலாம். அவர் அதைக் கையில் வாங்கி, சீவிய வாயை ஒரு தடவை பார்த்துவிட்டு, மனைவியிடம் நீட்டுவார். வந்தவர் மனம் நோகக்கூடாதே.

'குடித்தால் நல்லது, குடிக்காவிட்டால் நஷ்டமில்லை' என்று இதை விட்டுவிட முடியாதது அதனால்தான். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்குமென்று இரும்பன் புளிச் சாற்றை நிறைய குடித்த பத்துப் பேரின் சிறுநீரகங்கள் ஆக்சலேட் படிந்து பழுதாயின. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2013இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கஷாயமும் மாத்திரையும் எடுத்தவர்களில், 13 மருத்துவ மையங்களில் 43 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவானது. சீந்தில்மேல் பழியில்லை, செடி மாறிப்போயிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அப்படியே இருக்கட்டும். எந்தச் செடி என்றே உறுதியில்லாததைத்தானே நம்மவர்கள் தினம் குடித்தார்கள்?

கடைசி வாதம் கனமானது: "இன்றைக்குக் காற்றிலும் தண்ணீரிலும் விஷம். பாட்டி காலத்து உடம்பா இது?" உண்மை. அதனால்தான் சாறு போதாது என்கிறேன். ஈயம் எலும்பில் குடியேறிப் பல வருடம் தங்கும், டி.டி.டி. கொழுப்பில் ஒளியும். வெண்பூசணிச் சாறு அங்கெல்லாம் போய்த் தேடாது. ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்தவெளியில் கிடந்தது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் வெளியே வந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. இவை பேரும் ஊரும் அளவும் உள்ள நச்சுகள். இவற்றை நிறுத்த வேண்டிய இடம் ஆலையின் வாசல். நம் அடுக்களையின் மிக்ஸி அல்ல. 'உன் உடம்பு அழுக்கு, நீ கழுவிக்கொள்' என்று சொல்லும்போது, ஊரைக் கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் போய் அடங்கிவிடுகிறது.

மைத்துனர் கேள்விக்குப் பதில் இதுதான். அளவாகச் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், புகையும் பாட்டிலும் வேண்டாம், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் தின்பவை அவை இரண்டும்தான். சுத்தம் செய்கிறவர்களைப் போட்டு அடிக்காமல் இருந்தால் போதும், சுத்தத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் நான் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர் உண்டு. ஒருநாள் இதயப் படம் வரைந்து முடித்தபோது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். கிராமத்துப் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். "சார், மாசாமாசம் வர்றது அந்த நீலக் கலர் ரத்தமா? கெட்ட ரத்தம் வெளிய போகுதுன்னு எங்க அம்மா சொல்லும்." பின் பெஞ்சில் பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் கூச்சம். "ஆமா, அது மாதிரிதான். உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் மூன்று நாள் தனித்தட்டு வைத்து அவளுக்குச் சொன்னதற்கு, அன்று பள்ளிக்கூடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

இன்று கேட்டால் சொல்வேன்: இல்லம்மா. உன் கையில் அடிபட்டால் வருமே, அதே ரத்தம்தான். கரு வந்தால் தங்குவதற்கென்று கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்ளே மெத்தை தைக்கிறது; வராதபோது அதைப் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தைக்கிறது. அதோடு வருவது நாலைந்து நாளைக்கும் சேர்த்து அரை டம்ளருக்கும் குறைவான ரத்தம். அதில் கெட்டது எதுவும் இல்லை. கெட்டது நான் பலகையில் எழுதிய அந்த ஒரு சொல்தான்.